பேக்கப் எது, எது பேக்கப் இல்லை: கணினிக் கோப்புகளைக் காப்பாற்றும் வழிகள்

"என்னிடம் பேக்கப் இருக்கிறது" என்பவரிடம் எங்கே, எப்படி என்று கேட்டால் பெரும்பாலும் மூன்று பதில்களில் ஒன்று வரும். படங்களை எல்லாம் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டேன். ஒன்டிரைவிலோ கூகுள் டிரைவிலோ தானாகவே ஏறிவிடுகிறது. கணினிக்குள் இரண்டு டிஸ்க் இருக்கிறது, இரண்டிலும் ஒரே கோப்புகள்தான்.

மூன்றும் பயனுள்ள ஏற்பாடுகள். ஆனால் எதுவும் தனியாக நின்று பேக்கப் ஆகாது. முதலாவதில் கோப்பு இடம் மாறியிருக்கிறதே ஒழிய, இன்னும் ஒரே பிரதிதான் இருக்கிறது. மற்ற இரண்டிலும் ஒரு பக்கம் நேரும் தவறு சில நொடிகளில் மறுபக்கமும் போய்ச் சேர்ந்துவிடும். எந்த ஏற்பாட்டையும் அளக்க ஒரே கேள்வி போதும்: இந்தக் கோப்பை இன்று கெடுத்துவிட்டால், நேற்று இருந்தபடி அதை எங்கிருந்து எடுப்பேன்? இதற்கு உடனே பதில் சொல்ல முடிந்தால்தான் பேக்கப் இருக்கிறது என்று பொருள்.

## மாற்றுச் சாவியும் கோப்பின் நகலும்

வீட்டுக்கு மாற்றுச் சாவி செய்து வைக்கிறோம். அதை அதே சாவிக்கொத்தில் கோத்து வைத்தால், கொத்து தொலையும் நாளில் இரண்டும் சேர்ந்தே தொலையும். பூட்டை மாற்றிய பிறகு மாற்றுச் சாவியையும் புதிதாகச் செய்யாவிட்டால் அது எதற்கும் உதவாது. செய்து வாங்கியதும் பூட்டில் போட்டுத் திருகிப் பார்க்காவிட்டால், அது திறக்குமா என்பது அவசரத்தில்தான் தெரியவரும்.

பேக்கப்புக்கும் இந்த மூன்றும் பொருந்தும். மூலக் கோப்பிலிருந்து விலகி இருக்க வேண்டும். மூலம் மாற மாற அதுவும் புதுப்பிக்கப்பட வேண்டும். ஒரு முறையாவது திறந்து பார்க்கப்பட்டிருக்க வேண்டும்.

ஆனால் கோப்புகளுக்கு இன்னொரு தேவையும் உண்டு, அது சாவிக்குக் கிடையாது. பூட்டு எப்போதாவதுதான் மாறும். கோப்பு தினமும் மாறும், சில நாள் தவறாகவும் மாறும். எழுதிக்கொண்டிருந்த கட்டுரையின் பாதியை அழித்துவிட்டு, கவனிக்காமல் சேமித்துவிட்டால், "புதுப்பிக்கப்பட்ட" நகலிலும் பாதிதான் இருக்கும். ஆகவே கடைசி வடிவம் மட்டும் போதாது, அதற்கு முந்தைய வடிவங்களும் வேண்டும். ஒரு கோப்பின் குறிப்பிட்ட நேரத்து வடிவத்தைப் பதிப்பு என்கிறோம். சேமித்து வைத்த பதிப்பை மீண்டும் கணினிக்குக் கொண்டுவருவது மீட்டெடுப்பு.

## கோப்புகள் போகும் வழிகள்

பேக்கப் என்றதும் டிஸ்க் பழுதாவதுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அது ஒரு வழி மட்டுமே. சுழலும் தட்டுகள் கொண்ட ஹார்ட் டிஸ்க்கில், தட்டுக்கு மேல் மயிரிழை இடைவெளியில் நகரும் முனை தட்டைத் தொட்டுவிட்டால் அந்த இடத்துத் தரவு சுரண்டப்பட்டுவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போது கீழே விழுவதுதான் இதற்கு அடிக்கடி காரணம். நகரும் பாகங்களே இல்லாத எஸ்எஸ்டி விழுந்தாலும் பெரும்பாலும் தப்பித்துவிடும். ஆனால் அதன் கட்டுப்பாட்டுச் சில்லு செயலிழந்தால் முன்னறிவிப்பே இல்லாமல் மொத்தமாகக் காணாமல் போகும். ஹார்ட் டிஸ்க் பல சமயம் சத்தமோ தாமதமோ காட்டி எச்சரிக்கும். எஸ்எஸ்டியிடம் அதை எதிர்பார்க்காதீர்கள்.

நம் கையாலேயே போவது இன்னொரு வழி: தவறான ஃபோல்டரை அழிப்பது, பழைய கோப்பின் மேல் புதியதைச் சேமித்துவிடுவது. அழித்ததை ஏதாவது மென்பொருளால் மீட்டுவிடலாம் என்ற நம்பிக்கை பழைய ஹார்ட் டிஸ்க் காலத்தது. எஸ்எஸ்டியில் கோப்பை அழித்ததும் இயங்குதளம் "இந்த இடம் இனி வேண்டாம்" என்று டிஸ்க்குக்குச் சொல்லிவிடுகிறது, டிஸ்க்கும் அந்த இடத்தைத் துடைத்துவிடுகிறது. இந்த ஏற்பாட்டுக்கு டிரிம் என்று பெயர். டிரிம் ஓடிய பிறகு மீட்பு மென்பொருள் தேடினாலும் அங்கே எதுவும் இருக்காது.

அடுத்தது ரான்சம்வேர். கோப்புகளை எல்லாம் மறையாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிப் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் தீங்கு நிரல் இது. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை இந்த வகைதான். அது பூட்டுவது கணினியின் உள் டிஸ்க்கை மட்டும் இல்லை. அந்த நேரத்தில் செருகியிருக்கும் எக்ஸ்டர்னல் டிஸ்க், பென் டிரைவ், நெட்வொர்க் ஃபோல்டர் என்று எழுத முடிகிற எதையும் விடாது. எப்போதும் செருகியே இருக்கும் பேக்கப் டிஸ்க் ஆபத்தானது என்பது இதனால்தான்.

திருட்டு, தீ, வெள்ளம், மின்னழுத்த ஏற்றம் ஆகியவை ஒரே அறையில் இருக்கும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுபோகும். கடைசியாக, சத்தமில்லாமல் கெடுவது. எழுதும்போது மின்சாரம் போனாலோ டிஸ்க்கின் ஒரு பகுதி நைந்தாலோ கோப்பு அதே பெயரில், அதே அளவில் இருக்கும். திறந்தால் படத்தின் பாதி சாம்பல் நிறமாக நிற்கும். இதை மாதக் கணக்கில் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

சுருக்கமாக: டிஸ்க் பழுதுக்கு இன்னொரு பிரதி போதும். கைத்தவறுக்கும் ரான்சம்வேருக்கும் சத்தமில்லாச் சிதைவுக்கும் பழைய பதிப்புகள் வேண்டும். தீக்கும் திருட்டுக்கும் இன்னொரு இடம் வேண்டும்.

## ஒத்திசைவு ஏன் பேக்கப் ஆகாது

அதிகக் குழப்பம் இங்கேதான் இருப்பதால் சற்று நின்று பார்ப்போம்.

ஒன்டிரைவ், கூகுள் டிரைவ், ஐகிளவுட், டிராப்பாக்ஸ் ஆகியவற்றின் அடிப்படை வேலை ஒத்திசைவு, பேச்சில் சிங்க். இரண்டு இடங்களை எப்போதும் ஒரே நிலையில் வைத்திருப்பதே அதன் குறிக்கோள். கணினியில் ஒரு நிரல் உங்கள் ஃபோல்டரைக் கவனித்துக்கொண்டே இருக்கும். கோப்பு சேர்ந்தால் சர்வரிலும் சேர்க்கும், மாறினால் மாற்றும், அழிந்தால் அழிக்கும். பிறகு அதே மாற்றத்தை உங்கள் இன்னொரு கணினிக்கும் கைபேசிக்கும் அனுப்பும். அழிப்பதும் அதன் பார்வையில் ஒரு மாற்றம்தான். நீங்கள் வேண்டுமென்றே அழித்தீர்களா, கை தவறியதா, ரான்சம்வேர் பூட்டியதா என்று அதற்குத் தெரியாது. தெரிந்துகொள்ள அதற்கு வழியும் இல்லை.

"அழித்தாலும் குப்பைத்தொட்டியில் இருக்குமே" என்று கேட்கலாம். இருக்கும், சில நாட்களுக்கு. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாட்கள். தனிநபர் ஒன்டிரைவ் கணக்கிலும் 30 நாட்கள். ஐகிளவுட் டிரைவிலும் அதேதான். நாம் பதிவேற்றிய கோப்புகளின் பழைய பதிப்புகளையும் கூகுள் டிரைவ் 30 நாட்களுக்கு, அல்லது 100 பதிப்புகள் வரை வைத்திருக்கிறது. மறுநாளே கண்டுபிடிக்கும் தவறுக்கு இது நல்ல பாதுகாப்பு. ஆண்டுக்கு ஒரு முறை வரிக் கணக்குக்காகத் திறக்கும் ஃபோல்டர் மூன்று மாதம் முன்பே அழிந்திருந்தால் இது உதவாது.

இடத்தை மிச்சப்படுத்தும் ஒரு வசதியாலும் சிக்கல் வருகிறது. ஒன்டிரைவ் பல கோப்புகளின் பெயரையும் சின்னத்தையும் மட்டும் கணினியில் காட்டிவிட்டு, உள்ளடக்கத்தைச் சர்வரிலேயே வைத்திருக்கும். திறக்கும்போதுதான் இறக்கித் தரும். கோப்பின் அருகே மேகச் சின்னம் இருந்தால் அது கணினியில் இல்லை, பச்சை நிற டிக் இருந்தால் இருக்கிறது. விண்டோஸிலேயே இருக்கும் பேக்கப் வசதியான ஃபைல் ஹிஸ்டரி, மேகச் சின்னக் கோப்புகளைத் தன் நகலில் சேர்ப்பதில்லை. பேக்கப் ஓடியது, பிழையும் வரவில்லை, ஆனால் பாதிக் கோப்புகள் அதில் கிடையாது. முக்கியமான ஃபோல்டர்களை வலது கிளிக் செய்து "எப்போதும் இந்தச் சாதனத்தில் வைத்திரு" என்ற தேர்வை அமைத்துவிடுங்கள்.

இரண்டு டிஸ்க்குகளில் ஒரே தரவை ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு ஏற்பாட்டுக்கும் இதே தீர்ப்புதான். ஒரு டிஸ்க் செத்தால் மற்றொன்றில் வேலை தடையின்றி நடக்கும், அதற்காகத்தான் அது உருவானது. அழித்த கோப்போ இரண்டிலும் ஒரே கணத்தில் அழிந்திருக்கும்.

ஒத்திசைவை நிறுத்திவிடுங்கள் என்று சொல்லவில்லை. லேப்டாப் திருடு போனால் முதலில் கைகொடுப்பது அதுதான். அதை ஒரு பிரதியாகக் கணக்கில் எடுங்கள், பேக்கப் வேலையை வேறொன்றிடம் கொடுங்கள்.

## பதிப்புகள் எப்படிச் சேமிக்கப்படுகின்றன

தினமும் ஒரு பதிப்பு என்றால் டிஸ்க் நிரம்பிவிடாதா? பேக்கப் மென்பொருளின் திறமை முழுவதும் இந்தக் கேள்விக்கான பதிலில்தான் இருக்கிறது.

உங்கள் கோப்புகள் மொத்தம் 200 ஜிபி, ஒரு நாளில் சராசரியாக மாறுவது அரை ஜிபி என்று வைத்துக்கொள்வோம். எல்லாவற்றையும் நகலெடுப்பது முழு பேக்கப். அதை 30 நாட்கள் செய்தால் 6,000 ஜிபி, அதாவது 6 டெராபைட் வேண்டும். முதல் நாள் மட்டும் முழு பேக்கப் எடுத்து, அடுத்த நாட்களில் கடைசி முறைக்குப் பிறகு மாறியவற்றை மட்டும் எடுப்பது கூடுதல் பேக்கப், பல மென்பொருள்களில் இன்கிரிமென்டல் என்றிருக்கும். அப்போது 200 ஜிபியும், மீதி 29 நாட்களுக்கு 14.5 ஜிபியும் சேர்ந்து 215 ஜிபிகூட ஆகாது.

எது மாறியது என்று மென்பொருள் எப்படிக் கண்டுபிடிக்கிறது? பெரும்பாலும் ஒவ்வொரு கோப்பின் அளவையும் கடைசியாகத் திருத்திய நேரத்தையும் முந்தைய பட்டியலோடு ஒப்பிடுகிறது. இரண்டும் அப்படியே இருந்தால் தாண்டிச் செல்கிறது. முதல் பேக்கப் பல மணி நேரம் ஓடுவதும் இரண்டாவது சில நிமிடங்களில் முடிவதும் இதனால்தான். முதல் முறை நெடுநேரம் ஆகிறதே என்று பாதியில் நிறுத்திவிடாதீர்கள், அந்தக் காத்திருப்பு ஒரு முறைதான்.

கூடுதல் பேக்கப்புக்கு ஒரு பலவீனமும் உண்டு. ஏழாம் நாள் நிலையை மீட்க, முதல் நாள் முழு பேக்கப்பும் இடையில் எடுத்த எல்லாத் துண்டுகளும் தேவைப்படலாம். இடையில் ஒன்று கெட்டால் அதற்குப் பிந்தைய நாட்களும் சந்தேகத்துக்குரியவை. பேக்கப் ஃபோல்டருக்குள் புகுந்து "பழையது, தேவையில்லை" என்று கையால் எதையும் அழிக்கக் கூடாது என்பதற்குக் காரணம் இதுவே. பழையதை நீக்கும் வேலையை மென்பொருளின் அமைப்புகள் வழியாகவே செய்ய வேண்டும்.

பழையவற்றை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்பதற்கும் முறை இருக்கிறது. மேக் கணினிகளில் 2007-இல் வந்த டைம் மெஷின் என்ற பேக்கப் வசதி நல்ல எடுத்துக்காட்டு. கடைசி 24 மணி நேரத்துக்கு மணிக்கு ஒரு பதிப்பு, கடந்த ஒரு மாதத்துக்கு நாளுக்கு ஒன்று, அதற்கு முந்தைய மாதங்களுக்கு வாரத்துக்கு ஒன்று. டிஸ்க் நிரம்பும்போது மிகப் பழையது நீங்கும். சற்று முன் செய்த தவறைத் துல்லியமாகத் திருப்பலாம், பழைய தவறை வாரக் கணக்கில் திருப்பலாம், இடமும் வீணாகாது.

கூடுதல் பேக்கப்பின் அளவைக் கவனிக்கப் பழகுங்கள். தினமும் அரை ஜிபி எடுத்துக்கொண்டிருந்த பேக்கப் ஒரு நாள் திடீரென 150 ஜிபி எடுத்தால், கிட்டத்தட்ட எல்லாக் கோப்புகளும் மாறியிருக்கின்றன என்று பொருள். பெரிய வீடியோ எதையும் நீங்கள் சேர்க்கவில்லை என்றால் ரான்சம்வேராக இருக்கலாம். உடனே டிஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கோப்புகளைத் திறந்து பாருங்கள்.

சுருக்கமாக: முதல் முறை எல்லாம், பிறகு மாறியவை மட்டும். சமீபத்தியவை நெருக்கமாக, பழையவை இடைவெளி விட்டு.

## மூன்று பிரதி, இரண்டு சாதனம், ஒன்று வெளியே

பேக்கப் பற்றிப் பேசுவோர் 3-2-1 என்ற விதியைச் சொல்வார்கள். இதைப் பரவலாக்கியவர் பீட்டர் குரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். மூலத்தையும் சேர்த்து மூன்று பிரதிகள், இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். லேப்டாப்பில் மூலம், எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று என்றால் மூன்று எண்களும் நிறைவேறிவிடும்.

"வேறு இடம்" என்பதில் கிளவுட் நிறுவனத்தின் இடமும் அடங்கும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பிடித்து ஒரு கட்டடம் முழுவதும் எரிந்தது. பேக்கப் அதே வளாகத்தில் இருந்த சில வாடிக்கையாளர்கள் மூலத்தையும் பேக்கப்பையும் ஒன்றாக இழந்தார்கள். கிளவுடும் ஒரு கட்டடத்தில் இருக்கும் கணினிதான். ஒரே நிறுவனத்தின் ஒரே கணக்கில் இரண்டு பிரதிகள் இருந்தால் அதை ஒன்றாகவே எண்ணுங்கள்.

கிளவுட் வேண்டாம் என்றால் இரண்டு எக்ஸ்டர்னல் டிஸ்க் வாங்கி, ஒன்றை உறவினர் வீட்டிலோ அலுவலக அலமாரியிலோ வைத்து மாதம் ஒரு முறை மாற்றிக்கொள்ளலாம்.

## எக்ஸ்டர்னல் டிஸ்க்கில் எடுப்பது

கோப்புகளின் மொத்த அளவைப் போல் குறைந்தது இரு மடங்கு கொள்ளளவு வாங்குங்கள், பதிப்புகளுக்கு இடம் வேண்டும். 1 டெராபைட் டிஸ்க்கை விண்டோஸ் 931 ஜிபி என்று காட்டினால் ஏமாந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 என்று எண்ணுகிறது, டிஸ்க் ஒன்றுதான். நெடுநாள் பேக்கப்புக்குப் பென் டிரைவ் வேண்டாம். அதன் நினைவகச் சில்லுகள் மின்னூட்டமாகத் தரவை வைத்திருக்கின்றன, மின்சாரமே இல்லாமல் ஆண்டுக் கணக்கில் கிடந்தால் அந்த மின்னூட்டம் கசியலாம். எஸ்எஸ்டியையும் அப்படிப் பெட்டியில் போட்டு மறந்துவிடக் கூடாது.

டிஸ்க்கை ஃபார்மேட் செய்யும் முறையும் முக்கியம். ஃபேட்32 முறையில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை வைக்கவே முடியாது. இடம் நிறைய இருந்தும் நீண்ட வீடியோ ஏற மறுப்பது இதனால்தான். விண்டோஸுக்கு மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ், விண்டோஸ், மேக் இரண்டிலும் படிக்க எக்ஸ்ஃபேட். டைம் மெஷின் எக்ஸ்ஃபேட் டிஸ்க்கை ஏற்காது, தனக்கேற்ற முறையில் ஃபார்மேட் செய்யக் கேட்கும். ஃபார்மேட் செய்தால் டிஸ்க்கில் ஏற்கெனவே இருப்பவை அழியும் என்பதால் புது டிஸ்க்கையே பயன்படுத்துங்கள்.

விண்டோஸில் கட்டணமில்லாமல் தொடங்க ஃபைல் ஹிஸ்டரி போதும். டிஸ்க்கைச் செருகி, கண்ட்ரோல் பேனலில் ஃபைல் ஹிஸ்டரியைத் திறந்து, டிஸ்க் சரியாகத் தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்து இயக்குங்கள். வேறு அமைப்பு சொல்லாவிட்டால் மணிக்கு ஒரு முறை மாற்றங்களைச் சேமிக்கும், பதிப்புகளை நீக்காமல் வைத்திருக்கும். "மேம்பட்ட அமைப்புகள்" பகுதியில் ஓராண்டு அல்லது "இடம் தேவைப்படும் வரை" என்று மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் டிஸ்க் நிரம்பி நின்றுவிடும். இது டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற வழக்கமான ஃபோல்டர்களை மட்டுமே எடுக்கும். டி டிரைவில் தனி ஃபோல்டர் வைத்திருப்பவர்கள் அதை, பல இடத்து ஃபோல்டர்களை ஒன்றாகக் காட்டும் விண்டோஸ் லைப்ரரியில் சேர்த்தால்தான் அது பேக்கப்பில் வரும். இதைத் தெரியாமல் விட்டவர்கள் ஏராளம்.

மேக்கில் டிஸ்க்கைச் செருகி, சிஸ்டம் செட்டிங்ஸில் டைம் மெஷினைத் திறந்து டிஸ்க்கைச் சேர்த்தால் வேலை முடிந்தது. கேட்கும்போதே மறையாக்கத்தையும் தேர்ந்தெடுங்கள். லினக்ஸில் புதியவர்களுக்கு டேஜா டூப் எளிது, பதிப்புகளையும் மறையாக்கத்தையும் அதுவே பார்த்துக்கொள்ளும். டைம்ஷிஃப்ட் என்ற நிரலை அதற்குப் பதிலாக நம்ப வேண்டாம். அது இயங்குதளத்தை முந்தைய நிலைக்குத் திருப்புவதற்கானது, உங்கள் ஹோம் ஃபோல்டரை வழக்கமாகத் தொடாது.

கையால் இழுத்துப் போட்டு நகலெடுப்பது தவறில்லை, ஆனால் அதில் வழுக்கும் இடங்கள் பல. ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் பாதை 260 எழுத்துகளைத் தாண்டினால் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் இடையில் நின்றுவிடும். திறந்திருக்கும் அவுட்லுக் அஞ்சல் கோப்பை நகலெடுக்க மறுக்கும். தாண்டிச் செல் என்று ஒரு முறை அழுத்திவிட்டால் எவை விடுபட்டன என்ற பட்டியலே இருக்காது. ரோபோகாப்பி, ஆர்சிங்க் போன்ற நகலெடுக்கும் கருவிகளில் இரு பக்கத்தையும் ஒன்றாக்கும் தேர்வு இருக்கிறது. அது மூலத்தில் இல்லாததை நகலிலிருந்தும் அழித்துவிடும். மூலத்தையும் இலக்கையும் மாற்றிக் கொடுத்துவிட்டால் காலி டிஸ்க்குக்கு ஏற்ப உங்கள் கோப்புகள் துடைக்கப்படும். முதலில் ஒத்திகை முறையில் ஓட்டி, எதை அழிக்கப்போகிறது என்று படித்துப் பாருங்கள்.

பேக்கப் முடிந்ததும் "பாதுகாப்பாக அகற்று" கொடுத்து டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். எழுதப்பட வேண்டிய தரவின் கடைசிப் பகுதி சில நொடிகள் நினைவகத்திலேயே நிற்கலாம், சட்டென்று பிடுங்கினால் அது போய்விடும். கழற்றி வைத்த டிஸ்க்கை ரான்சம்வேரால் தொட முடியாது.

## கிளவுட் பேக்கப்

ஒத்திசைவிலிருந்து இது வேறு. நிரல் உங்கள் ஃபோல்டர்களைப் படித்து, பதிப்புகளாகத் தொலைவில் சேமிக்கும். கணினியில் அழித்தாலும், நீங்கள் வைத்த கால வரம்பு முடியும் வரை அங்கே இருக்கும். டூப்ளிகாட்டி, ரெஸ்டிக் போன்ற கட்டணமில்லாத் திறமூல நிரல்கள் கோப்புகளை உங்கள் கணினியிலேயே மறையாக்கம் செய்த பிறகுதான் அனுப்புகின்றன. சேமிக்கும் நிறுவனத்தால் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. ரெஸ்டிக்குக்குக் கட்டளை வரி, அதாவது கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் முறை, தெரிந்திருக்க வேண்டும், டூப்ளிகாட்டியைத் திரையில் கிளிக் செய்தே அமைக்கலாம்.

நேரத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள். இணைய வேகம் பிட்டிலும் கோப்பு அளவு பைட்டிலும் சொல்லப்படுகிறது, ஒரு பைட் எட்டு பிட். பதிவேற்ற வேகம் விநாடிக்கு 20 மெகாபிட் என்றால் 200 ஜிபி ஏறக் கிட்டத்தட்ட 22 மணி நேரம். 5 மெகாபிட் என்றால் மூன்றே முக்கால் நாள். விநாடிக்கு 100 மெகாபைட் எழுதும் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்கு அதே வேலை அரை மணி நேரத்துக்குச் சற்று மேல், சிறு கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் சில மணி நேரம். பல இணைப்புகளில் பதிவேற்றம் பதிவிறக்கத்தைவிட மெதுவானது என்பதால் திட்டத்தில் விளம்பரப்படுத்திய எண்ணை நம்பாமல் வேகத்தைச் சோதித்துப் பாருங்கள். எல்லாவற்றையும் ஏற்ற முடியாவிட்டால், திரும்பக் கிடைக்கவே கிடைக்காதவற்றை முதலில் ஏற்றுங்கள்: சொந்தப் படங்கள், எழுத்துகள், சான்றிதழ்கள், கணக்குகள். இணையத்தில் மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடிய மென்பொருளும் திரைப்படமும் கடைசியில்.

இங்கே பலர் விழும் குழி மறையாக்கக் கடவுச்சொல். அதை மறந்தால் பேக்கப் நிறுவனம் உட்பட யாராலும் திறக்க முடியாது. அதைக் கணினியில் மட்டும் குறித்து வைத்தால், கணினி போகும் நாளில் பேக்கப்பும் போனதாகவே ஆகும். கிளவுட் கணக்கின் இரண்டாம் நிலைச் சரிபார்ப்பு கைபேசியில் மட்டும் இருந்து, லேப்டாப்பும் கைபேசியும் ஒரே பையில் திருடு போனாலும் இதே கதிதான். பேக்கப் கடவுச்சொல், கணக்கு மீட்புக் குறியீடுகள், டிஸ்க்கை மறையாக்கம் செய்யும் விண்டோஸ் பிட்லாக்கரின் 48 இலக்க மீட்புச் சாவி ஆகியவற்றைக் காகிதத்தில் எழுதி, கணினிக்கு அருகில் அல்லாமல் வேறிடத்தில் வையுங்கள். காகிதம் பழைய முறைதான், ஆனால் அதைத் திறக்க இன்னொரு கடவுச்சொல் வேண்டியதில்லை.

## மீட்டுப் பார்க்காத பேக்கப்

2017 ஜனவரி 31 அன்று, நிரலாளர்கள் மூலநிரலைச் சேமித்து வைக்கும் கிட்லேப் தளத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தள ஃபோல்டரை அழிக்கும் கட்டளையைக் கொடுத்தார். உடனே நிறுத்தியும் ஏறக்குறைய 300 ஜிபி போய்விட்டது. பேக்கப்பைத் தேடியபோது வழக்கமான பேக்கப் ஓடவே இல்லை என்பது தெரிந்தது. பேக்கப் எடுக்கும் நிரலின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு பொருந்தாததால் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்தது. தோல்வியைச் சொல்லும் மின்னஞ்சல்களும் பெறும் பக்கத்தில் நிராகரிக்கப்பட்டு யாரையும் சென்றடையவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் தளத்தைக் காப்பாற்றியது. இதை அந்த நிறுவனமே விரிவாக வெளியிட்டது.

பேக்கப் மென்பொருள் அமைதியாக இருப்பது வெற்றியின் அடையாளம் ஆகாது. டிஸ்க் நிரம்பியிருக்கலாம், கடவுச்சொல் மாறியிருக்கலாம், ஃபோல்டரின் பெயரை நீங்கள் மாற்றியிருக்கலாம். கடைசியாக எப்போது வெற்றிகரமாக முடிந்தது என்ற தேதியை வாரம் ஒரு முறை பார்ப்பதற்கு அரை நிமிடம் போதும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை உண்மையிலேயே மீட்டுப் பாருங்கள். சோதனைக்கென்று ஒரு காலி ஃபோல்டர் உருவாக்கி அதற்குள் மீட்டெடுங்கள். பழைய இடத்திலேயே மீட்டால், நல்ல கோப்பின் மேல் கெட்டது எழுதப்படக்கூடும். ஒரு பெரிய வீடியோ, ஒரு சாதாரண ஆவணம், தமிழில் பெயரிட்ட ஒரு கோப்பு, ஆழமான உள்ஃபோல்டரில் இருக்கும் ஒன்று என்று வெவ்வேறு வகைகளைத் தேர்ந்தெடுங்கள். பெயர் தெரிகிறதா என்று பார்ப்பதோடு விடாமல் ஒவ்வொன்றையும் திறந்து, வீடியோவைக் கடைசி வரை நகர்த்திப் பாருங்கள். ஒரு கோப்பின் இரண்டு வார முந்தைய பதிப்பையும் எடுத்து, அது உண்மையில் பழையதுதானா என்று உறுதிசெய்யுங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை இதையே வேறொரு கணினியில், காகிதத்தில் எழுதி வைத்த கடவுச்சொல்லை மட்டும் வைத்துச் செய்யுங்கள். உங்கள் கணினியில் கடவுச்சொல் ஏற்கெனவே சேமிக்கப்பட்டிருக்கும், அதனால் அங்கே செய்யும் சோதனை எப்போதும் சுலபமாகவே முடியும். வேறு கணினியில்தான் அந்த டிஸ்க்கைப் படிக்க எந்த மென்பொருளை முதலில் நிறுவ வேண்டும், காகிதத்தில் எந்த எழுத்தைப் பிழையாக எழுதியிருக்கிறோம் என்பதெல்லாம் தெரியவரும். பிழையைத் திருத்திய பிறகு, சோதித்த தேதியை அதே காகிதத்தில் எழுதிவிடுங்கள்.